நிபந்தனையோடு திறந்த கதவு

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு மலர்க் குழுவினர் என்னை அணுகியபோது, "விஞ்ஞான மேதை ஒருவரின் வரலாற்றை எழுதுங்கள், மாணவர்களுக்கு ஊக்கமாக இருக்கும்" என்றனர். ஊக்கம் தருவதற்கென்றே எழுதப்படும் வரலாறுகள் நம் மலர்களில் நிறைய வந்திருக்கின்றன. வறுமையில் பிறந்தார், தெரு விளக்கில் படித்தார், தடைகளைத் தாண்டினார், புகழ் பெற்றார் என்று அவை முடியும். படித்து முடித்ததும் ஒரு பெருமூச்சு விடுவோம். பிறகு பக்கத்தைப் புரட்டிவிடுவோம்.

நான் எழுதப் போவதும் ஒரு மேதையின் வரலாறுதான். ஆனால் தடையைத் தாண்டியவரைப் பற்றி மட்டும் பேசாமல், தடையை வைத்தவரைப் பற்றியும் பேச விரும்புகிறேன். ஏனெனில், தடை வைத்தவர்களின் வரிசையில் நானும் ஒருத்தியாக நின்றிருக்கிறேன்.

உயிர் வேதியியல் அறிஞர் கமலா சோஹோனி அம்மையாரின் கல்வியும் பணியுமே நான் எடுத்துக்கொண்ட பொருள்.

முதற்கதவு

கமலா அம்மையார் 1911ஆம் ஆண்டில் இந்தூரில் பிறந்தவர். திருமணத்திற்கு முன் கமலா பாகவத். தந்தை நாராயணராவும் தந்தையின் உடன்பிறந்தார் மாதவராவும் வேதியியல் அறிஞர்கள். பெங்களூரில் டாட்டா நிறுவிய இந்திய விஞ்ஞானக் கழகத்தில் தொடக்க காலத்தில் பயின்றவர்கள். எனவே மற்றப் பெண் குழந்தைகள் கதை கேட்ட வயதில், அந்த வீட்டுப் பெண் சோதனைக் குழாய்களைப் பற்றிக் கேட்டு வளர்ந்தாள் என்று நாம் எண்ணிக்கொள்ளலாம்.

1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் வேதியியலை முதன்மைப் பாடமாகவும் இயற்பியலைத் துணைப் பாடமாகவும் எடுத்து, பி.எஸ்ஸி. தேர்வில் முதலிடம் பெற்றார். தந்தை பயின்ற பெங்களூர்க் கழகத்துக்கே ஆராய்ச்சி மாணவியாகச் சேர விண்ணப்பம் அனுப்பினார். மதிப்பெண் வரிசையைப் பார்த்தால் இடம் கிடைப்பதில் ஐயமே இல்லை. ஆனால் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. காரணம், விண்ணப்பித்தவர் பெண்.

மறுத்தவர் யார்? கழகத்தின் அன்றைய இயக்குநர் சர் சி.வி. இராமன். 1930ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பெற்று நாட்டின் தலையை நிமிர்த்தியவர். திருச்சிராப்பள்ளியில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற நம்மவர்.

கமலா அம்மையார் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வீட்டில் அமர்ந்துவிடவில்லை. பெங்களூருக்கு நேரில் சென்றார். என் தகுதியில் என்ன குறை என்று கேட்டார். காந்தியடிகளின் வழியில் நம்பிக்கை கொண்டவர் ஆதலால், இடம் கிடைக்கும்வரை சத்தியாக்கிரகம் செய்யவும் துணிந்தார். இறுதியில் இராமன் இசைந்தார். ஆனால் நிபந்தனைகள் விதித்தார். முதலாண்டில் அவர் முறையான மாணவியாகக் கருதப்படமாட்டார். வேலையின் தரத்தில் இயக்குநர் நிறைவடைந்த பிறகே அந்த உரிமை. வழிகாட்டும் ஆசிரியர் சொன்னால் இரவு நேரத்திலும் வேலை செய்ய வேண்டும். ஆய்வுக்கூடத்திலுள்ள ஆண்களின் கவனம் அவரால் சிதறக் கூடாது.

மூன்றாவது நிபந்தனையை மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். கவனம் சிதறுவது ஆண்களுடையது. பொறுப்போ அந்தப் பெண்ணுடையது!

அம்மையார் இசைந்தார். சீனிவாசய்யா என்னும் ஆசிரியரின் கீழ் வைகறை முதல் இரவுவரை உழைத்தார். பாலிலும் பயறு வகைகளிலும் உள்ள புரதங்களை ஆராய்ந்தார். ஓராண்டு முடிந்தது. இராமன் நிறைவடைந்தார். அம்மையார் முறையான மாணவியானார்; அதன்பின் பிற பெண்களுக்கும் அந்தக் கழகத்தில் வழி பிறந்தது. 1936இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்ஸி. பட்டத்தையும் பெற்றார்.

நல்ல முடிவுதானே என்பீர்கள். நல்ல முடிவுதான். ஆனால் எனக்கு ஒரு கேள்வி உண்டு. அந்த ஓராண்டில் அவர் ஒருநாள் காய்ச்சலில் படுத்திருந்தால்? ஒரு சோதனை பிழையாகிப் போயிருந்தால்? ஆய்வுக்கூடத்தில் பிழை செய்யாதவர் எவர்? ஆண் மாணவன் பிழை செய்தால் அது அவனுடைய பிழை. அம்மையார் செய்திருந்தால் அது பெண் குலத்தின் பிழையாகிப் பின்னால் வரவிருந்த அனைவருக்கும் கதவு சாத்தப்பட்டிருக்கும். இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் தோளில் அத்தனை பேரின் எதிர்காலத்தையும் ஏற்றி வைப்பது எந்த வகையில் நியாயம்?

இராமனுக்குத் திறந்த கதவு

இராமனைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அவர் வரலாற்றில் நமக்கு வேறொரு பாடம் இருக்கிறது.

1907இல் அவர் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தாவுக்குச் சென்றார். அலுவலக வேலையோ கணக்கு வழக்கு, மனமோ இயற்பியலில். அந்நகரில் 1876இல் தொடங்கப்பட்ட இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் இருந்தது. கருவிகள் இருந்தன, பயன்படுத்துவோர்தாம் இல்லை. இராமன் அந்தக் கழகத்தை நாடினார். அவருக்குக் கதவு திறந்தது. அலுவலகத்துக்கு முன் காலையிலும், அலுவலகம் முடிந்த பின் மாலையிலும் இரவிலுமாக அங்கே ஆராய்ச்சி செய்தார். 1917இல் பல்கலைக்கழகப் பேராசிரியராகும்வரை ஏறத்தாழப் பத்தாண்டுகள் இப்படியே சென்றன. நோபெல் பரிசுக்கு அடித்தளம் இட்டவை அந்த அகால நேரத்து மணித்துளிகள்தாம்.

பார்த்தீர்களா? அவர் அந்தக் கழகத்தின் ஊழியரும் அல்லர், மாணவரும் அல்லர். "ஓராண்டு பார்ப்போம்" என்று யாரும் சொல்லவில்லை. ஆர்வத்தோடு வந்த இளைஞனுக்குச் சாவியைத் தந்தார்கள். அவ்வளவு பெருந்தன்மையைத் தாம் பெற்ற ஒருவரே, பின்னால் தம் கையில் சாவி வந்தபோது தயங்கினார். தீய எண்ணத்தால் தயங்கினார் என்று நான் நினைக்கவில்லை. காலத்தின் பழக்கம் அவர் கண்ணை மறைத்தது. பெரியவர்களுக்கே இது நேரும் என்றால், சிறியவர்களாகிய நமக்கு நேராதா?

நேர்ந்தது. அதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

என் கையில் இருந்த சாவி

சில ஆண்டுகளுக்கு முன், வெளியூர் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் இரண்டு மாதக் கோடைப் பயிற்சிக்கு எங்கள் துறையிலிருந்து ஒரு மாணவரைப் பரிந்துரைக்கும் வாய்ப்பு வந்தது. பொறுப்பு என்னிடம். வகுப்பில் முதலிடம் ஒரு மாணவிக்கு. இரண்டாமிடம் ஒரு மாணவனுக்கு. அவளுடைய கை சோதனைக்கூடத்தில் எவ்வளவு நிதானமானது என்பதை மூன்றாண்டுகள் பார்த்தவள் நான். தரம் பார்த்தல் சோதனையில் கடைசிச் சொட்டு எப்போது விழ வேண்டும் என்பதை அவள் கண் அறியும்.

பெயரை எழுத உட்கார்ந்தபோது என் மனத்தில் ஓடியவை வேறு. கிராமத்துப் பெண், வீட்டில் அனுப்புவார்களா? தனியே அவ்வளவு தூரம் எப்படிப் போவாள்? இரவு ஆய்வுக்கூடத்தில் நேரமாகிவிட்டால் யார் பொறுப்பு? கடைசி நேரத்தில் வர முடியாது என்று சொல்லிவிட்டால் துறைக்குக் கெட்ட பெயர் ஆயிற்றே! இவையெல்லாம் அக்கறையில் பிறந்த எண்ணங்கள் என்றே அன்று நம்பினேன். மாணவனின் பெயரை எழுதி அனுப்பினேன். அவன் நல்ல மாணவன். அவன்மீது ஒரு குறையும் இல்லை.

ஒரு வாரம் கழித்து அந்தப் பெண் துறைக்கு வந்தாள். அழவில்லை. கோபப்படவும் இல்லை. "மேடம், நீங்க எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றாள். அவ்வளவுதான்.

அவள் தந்தை அனுப்பியிருப்பாரா, மறுத்திருப்பாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது. ஏனெனில் நான் கேட்கவே இல்லை. அவர் சொல்லாத மறுப்பை அவர் வாயில் நானே வைத்தேன். இராமன் அவர்களாவது கமலா அம்மையாரிடம் முகத்துக்கு நேரே மறுத்தார். அவருக்கு எதிர்வாதம் செய்ய ஓர் இடம் இருந்தது. நான் அந்த இடத்தைக்கூடத் தரவில்லை.

சென்ற ஆண்டு சர்க்கரைப் பரிசோதனைக்காக எங்கள் ஊரிலுள்ள ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போனேன். ஊசியோடு வந்தவள் அவளே. "நல்லா இருக்கீங்களா மேடம்?" என்று அன்போடு கேட்டாள். வலி தெரியாமல் இரத்தம் எடுத்தாள். அதே நிதானமான கை. அது நேர்மையான தொழில். அவள் அதை நன்றாகவே செய்கிறாள். ஆயினும் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கை எனக்கு ஒரு கேள்வியாகவே இருந்தது.

கதவு திறந்ததால் விளைந்தவை

கமலா அம்மையாருக்குக் கதவு திறந்ததால் நாட்டுக்குக் கிடைத்தது என்ன என்பதையும் கணக்குப் பார்ப்போம்.

உதவித்தொகை பெற்று அவர் கேம்பிரிட்ஜ் சென்றார். உயிர்ச்சத்து ஆராய்ச்சிக்காக 1929இல் நோபெல் பரிசு பெற்ற பிரெடெரிக் ஹாப்கின்ஸின் துறை அது. அங்கே முதலில் டெரிக் ரிக்டரிடமும், பின்னர் தாவரங்களை ஆராய்ந்துவந்த ராபின் ஹில்லிடமும் பணியாற்றினார். உருளைக்கிழங்கை வைத்து அவர் செய்த ஆய்வில், தாவர உயிரணுக்களிலும் சைட்டோகுரோம் சி என்னும் புரதம் உண்டு என்று கண்டார். உணவிலிருந்து ஆற்றலைப் பெறும்போது மின்னணுக்களை ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குக் கைமாற்றித் தரும் இரும்புச்சத்துள்ள சிறு புரதம் அது. மனிதனும் விலங்கும் செடியும் உயிர்க்கும் முறையில் அடிப்படை ஒற்றுமை உண்டு என்பதை அது காட்டுகிறது. ஏறத்தாழ 14 மாத உழைப்பில், 40 பக்கமே கொண்ட ஆய்வேட்டை அளித்து டாக்டர் பட்டம் பெற்றார். பக்கக் கணக்கில் அறிவை அளக்கும் நம் ஆய்வு மாணவர்கள் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

1939இல் தாயகம் திரும்பினார். புதுதில்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் உயிர் வேதியியல் துறைத் தலைவரானார். பின்னர் நம் நீலகிரியில், குன்னூரில் இயங்கிவந்த உணவூட்ட ஆராய்ச்சிக் கூடத்தில் உதவி இயக்குநராக இருந்து உயிர்ச்சத்துக்களை ஆராய்ந்தார். 1947இல் திருமணமாகிப் பம்பாய்க்குச் சென்றபின், அங்குள்ள இராயல் விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியையாகி மாணவர் பலரை உருவாக்கினார்.

அங்கே அவர் எடுத்துக்கொண்ட பொருள்களைப் பாருங்கள். ஏழை வீட்டுச் சமையலறையில் உள்ளவை! மொச்சை போன்ற பயறுகளில் புரதம் மிகுதி. ஆனால் பச்சையாக உண்டால் அந்தப் புரதம் முழுதும் உடம்பில் சேர்வதில்லை. கணையத்தில் சுரந்து சிறுகுடலில் புரதத்தைச் சிதைக்கும் டிரிப்சின் என்னும் நொதியைத் தடுக்கும் பொருள்கள் அந்த விதைகளிலேயே இருப்பதுதான் காரணம். இத்தடுப்பான்களை 1950களில் அம்மையாரும் அவர் மாணவர்களும் பிரித்தெடுத்துப் படிகமாகவே காட்டினர். ஊறவைத்து, நன்றாக வேகவைத்தால் இவற்றின் வலிமை பெரும்பாலும் அழிந்துவிடும். நம் பாட்டிமார் மொச்சையை முதல்நாள் இரவே ஊறப்போட்டதன் பொருள் இப்போது விளங்குகிறதன்றோ?

அடுத்தது, பனை இனத்து மரங்களிலிருந்து இறக்கும் இனிய சாறாகிய நீரா. நாம் பதநீர் என்று பருகுவதன் உடன்பிறப்பு. குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத் அவர்களின் தூண்டுதலால் அம்மையார் இதனை ஆராய்ந்தார். ஊட்டம் குறைந்த பழங்குடிப் பிள்ளைகளுக்கும் கருவுற்ற தாய்மாருக்கும் இதனைக் கொடுத்துவர, அவர்கள் உடல்நலம் தேறியதைக் காட்டினார். அப்பணிக்காகக் குடியரசுத் தலைவர் விருது பெற்றார். பம்பாய் ஆரே பால் திட்டத்துக்கும் ஆலோசனை வழங்கினார்.

இவ்வளவுக்குப் பிறகும் அந்தக் கழகத்தின் இயக்குநர் பதவி அவருக்கு உரிய காலத்தில் வரவில்லை. பல ஆண்டுகள் தாமதித்தே வந்தது. 1933இல் முதற்கதவு, அதற்குப் பின்னும் எத்தனை கதவுகள்! 1998இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தில்லியில் அவரைப் பாராட்டிய விழாவின்போதே அவர் மயங்கிச் சாய்ந்தார். பின்னர் விரைவில் மறைந்தார். பாராட்டுக்கூட அத்தனை தாமதமாகவே வந்தது.

மூன்று மறுமொழிகள்

என் கருத்தை மறுப்போர் மூன்று சொல்லக்கூடும்.

"திறமை உள்ளவர் எப்படியும் மேலே வருவார், கமலா அம்மையாரே சான்று" என்பது முதலாவது. நான் உடன்படமாட்டேன். அவருக்கு அந்தக் கழகத்தையே அறிந்த தந்தை இருந்தார். பெங்களூர்வரை சென்று பெரிய மனிதர்முன் நின்று பேச மொழியும் துணிவும் இருந்தன. அவை இல்லாத எத்தனை திறமைசாலிகள் மறுப்புக் கடிதத்தோடு அடங்கிப் போயிருப்பார்கள்? வென்றவரின் வரலாற்றைத்தான் நாம் படிக்கிறோம். அடங்கியவருக்கு வரலாறு ஏது?

"காலம் மாறிவிட்டது, வகுப்பிலே பாதிக்கு மேல் பெண்கள்தாமே" என்பது இரண்டாவது. உண்மைதான். மகிழ்ச்சிதான். ஆனால் எண்ணிக்கையைக் காலை பத்து மணிக்கு வகுப்பறையில் எடுக்காதீர்கள். மாலை நான்கரை மணிக்கு மேல் சோதனைக்கூடத்தில் எடுத்துப் பாருங்கள். ஐந்து மணிப் பேருந்தை விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாத பெண் எப்படி அங்கே நிற்பாள்? வாலைவடித்தல் பாதியில் இருக்க, அடுப்பை அணைத்துவிட்டு ஓடுகிறாள். "பெண்களுக்கு ஆராய்ச்சியில் நாட்டமில்லை" என்று நாம் எழுதிவைத்துக் கொள்கிறோம்.

"பாதுகாப்பு வேண்டாமா?" என்பது மூன்றாவது. கட்டாயம் வேண்டும். நானும் ஒரு பெண். அந்த அச்சத்தை அறியாதவள் அல்லேன். ஆனால் பாதுகாப்பு என்பது நிறுவனம் செய்து தர வேண்டிய ஏற்பாடு. அதனை மாணவியைத் தள்ளிவைப்பதற்குக் காரணமாக்கக் கூடாது. மழை பெய்யும் என்றால் குடை கொடுப்போமா, பள்ளிக்கே வராதே என்போமா?

செய்யக் கூடியவை

பெரிய திட்டங்கள் எவற்றையும் நான் கேட்கவில்லை. வாரத்தில் இரண்டு நாள்களாவது சோதனைக்கூடம் மாலை ஆறரைவரை, ஓர் ஆசிரியரின் பொறுப்பில், திறந்திருக்கட்டும். அந்நாள்களில் மாணவியர் விடுதியின் வாயில் நேரமும் அதற்கேற்ப அமையட்டும். ஏழு மணிக்கு ஒரு பேருந்து கல்லூரி வாயிலில் நின்று செல்லப் போக்குவரத்துத் துறையைக் கல்லூரி சார்பில் கேட்கலாம். பயிற்சி, உதவித்தொகை, போட்டி என்று எது வந்தாலும் அறிவிப்புப் பலகையில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டப்படட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தகுதியுள்ளவரை முதலில் அவரிடமே கேட்போம். "முடியாது" என்று சொல்லும் உரிமையும் அவருடையதே. நாம் முந்திக்கொண்டு சொல்ல வேண்டாம்.

கடைசியாகச் சொன்னதை நான் மட்டும் செய்ய யாருடைய ஆணையும் தேவைப்படவில்லை. அந்தப் பெண் வந்து கேட்டுப் போன நாள் முதல், வந்த அறிவிப்பை வகுப்பிலேயே உரக்கப் படித்துவிடுகிறேன். மதிப்பெண் வரிசைப்படி ஒவ்வொருவரையும் கேட்கிறேன். வீட்டில் பேச வேண்டுமென்றால் நானே பேசுகிறேன். நான் அஞ்சியபடி எல்லாத் தந்தையரும் மறுக்கவில்லை. சிலர் மறுத்தனர், சிலர் யோசித்தனர், மூன்று பேர் அனுப்பினர். ஒருத்தியோடு அவள் பாட்டியும் இரயிலேறிப் போய், மூன்று நாள் தங்கி, விடுதியையும் சாப்பாட்டையும் பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு ஒண்ணும் குறையில்ல, இருந்து படிச்சிட்டு வரட்டும்" என்று சொல்லித் திரும்பினார். எழுதப் படிக்கத் தெரியாத அந்த மூதாட்டிக்கு இருந்த தெளிவு எம்.ஃபில். படித்த எனக்கு அன்று இல்லாமற் போயிற்றே என்று வெட்கப்பட்டேன்.

மாணவச் செல்வங்களே! நாளை நீங்களும் ஏதேனும் ஒரு கதவின் சாவியைக் கையில் வைத்திருப்பீர்கள். தலைமையாசிரியராக, அலுவலராக, மருத்துவராக, தந்தையாக, தாயாக இருப்பீர்கள். தகுதியோடு ஒருவர் வந்து நிற்கும்போது, "ஓராண்டு பார்ப்போம்" என்று சொல்ல உங்கள் நாவு எழும். அப்போது ஒரு நொடி நின்று, உங்களுக்கு அந்தக் கதவைத் திறந்தவர் என்ன நிபந்தனை விதித்தார் என்று நினைத்துப் பாருங்கள்.

மாணவியரே, உங்களுக்குத் தனியாக ஒன்று. கமலா அம்மையார் கேட்டதால் கிடைத்தது. நீங்களும் கேளுங்கள். எங்கள் அறைக்கு வந்து கேளுங்கள். கேட்காமலேயே கிடைக்கும் காலம் வரும்வரை, கேட்பது தவறன்று. பட்டியல் அனுப்பிய பிறகு வராதீர்கள். அனுப்புவதற்கு முன்பே வாருங்கள். வேதியியல் துறையின் கதவு திறந்துதான் இருக்கிறது.